சம்பளச் சீட்டு உள்ள ஏழைகள்

மதிப்பிற்குரிய கிராம நிர்வாக அலுவலர்களுக்கும், வருவாய் ஆய்வாளர்களுக்கும், குழந்தைகள் பாதுகாப்பு அலகின் களப்பணியாளர்களுக்கும், படியேறி வந்து கணக்கெடுக்கும் அங்கன்வாடி ஊழியர்களுக்கும்,



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாலைக்கு இருபுறமும் இருக்கும் ஊர்களில் யார் வீட்டில் என்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்து எழுதுகிறவர்கள் நீங்கள். விதியை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பது தெரியும். ஆனாலும் அமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். விதி போட்டவர்கள் வீட்டைப் பார்ப்பதில்லை, நீங்கள் பார்க்கிறீர்கள். நான் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவள். நீங்கள் சரிபார்க்கும் காகிதங்களில் கணிசமானவை என் கையெழுத்தில்தான் உங்கள் மேசைக்கு வருகின்றன. அந்த உரிமையில் இந்த மடல்.

பேச வந்தது குழந்தை வளர்ப்புக்குக் கிடைக்கும் உதவியைப் பற்றி. அந்த உதவிக்கு முன்னால் நடக்கும் சொத்து, வருமானச் சோதனையைப் பற்றி.

மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். கணவனை இழந்த, கைவிடப்பட்ட, விவாகரத்தான தாயின் பிள்ளைகள், பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகள், தீராத நோயில் பெற்றோர் படுத்துவிட்ட பிள்ளைகள் ஆகியோருக்கு மாதம் 4,000 ரூபாய். ஒன்றிய அரசும் மாநில அரசும் 60க்கு 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஊரகப் பகுதியில் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது; மற்ற இடங்களில் 96,000. மாதக் கணக்கில் சொன்னால் 6,000, அல்லது 8,000.

மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் 6,000 என்பது நாளுக்கு 230 ரூபாய். 2025–26ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலியே 336 ரூபாய். ஏரி மண்ணை வெட்டிக் கரையில் போடும் கூலியைவிடக் குறைந்த தொகைக்கு இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது, சொல்லுங்கள். ஒப்பந்தக்காரரிடம் ஹவுஸ்கீப்பிங்கில் தரை துடைக்கும் பெண்கூட அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறாள். ஆக, விதி சொல்லாமல் சொல்வது இதுதான்: தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணே, உனக்கு உதவி வேண்டுமானால் வேலைக்குப் போகாதே. வேலைக்குப் போவதால்தானே பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுகிறது?

வருமானச் சான்று விஷயத்தில் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசலாம். இ–சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால், அது உங்களிடம் வந்து, வருவாய் ஆய்வாளரிடம் போய், மண்டலத் துணை வட்டாட்சியர் கையெழுத்தாகித் திரும்புகிறது. வருமானம் எவ்வளவு என்ற கட்டத்துக்கு வந்ததும் கடையில் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் எண் ஒன்று உண்டு. "எழுவத்திரெண்டு போடுங்கக்கா." பூ கட்டுகிறவர், மேஸ்திரி, டிபன் கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுகிறவர் எல்லோருக்கும் ஆண்டு வருமானம் 72,000. நீங்களும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுகிறீர்கள். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வரம்பு அநியாயமாக இருக்கும்போது கீழே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் கருணை அது.

ஆனால் அந்தக் கருணை ஒரு வகை ஏழைக்கு மட்டும் கிடைப்பதில்லை. சம்பளச் சீட்டு உள்ள ஏழைக்கு.

எங்கள் தெருவில் ஒரு லைன் வீடு. பத்து போர்ஷன், ஒரே வரிசை, கடைசியில் இரண்டு கழிப்பறை. அதில் ஒரு போர்ஷனில் இருக்கும் பெண்ணுக்குத் திண்டிவனம் பக்கம் சொந்த ஊர். கணவர் பெங்களூரு நெடுஞ்சாலையில் வண்டி மோதி இறந்துவிட்டார். இரண்டரை வயதில் ஒரு பையன். பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை, பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன், பஸ் எல்லாம் பிடித்தம் போகக் கையில் பதினோராயிரத்துச் சொச்சம். முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. ஐந்து மணிக்கு முன்னால் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் நிற்கும். தூங்குகிற பிள்ளையை அப்படியே துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு நான்கு வீடு தள்ளி இருக்கும் ஓர் அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடுவாள். கூடவே ஒரு கட்டைப் பை: மாற்று ஜட்டி மூன்று, ஒரு டப்பாவில் இட்லி, பிஸ்கட் பாக்கெட், காய்ச்சல் மருந்து, அவள் போன் நம்பரை எழுதி ஒட்டிய ஒரு பழைய நோட்டு அட்டை. அந்த அம்மாவுக்கு மாதம் மூவாயிரம். வாடகை நாலாயிரம். இரண்டாவது ஷிஃப்ட் வந்தால் இரவு பத்தரைக்குப் பிள்ளையை வாங்க வேண்டும். அந்த வாரத்துக்கு ஐந்நூறு கூடுதல்.

வாத்சல்யா உதவிக்கு விண்ணப்பித்தாள். அவள் வீட்டைப் பார்க்க ஒருவர் வந்தார். நல்ல மனிதர், செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். பார்த்தவற்றை எழுதினார்: இருசக்கர வண்டி ஒன்று, சின்ன ஃபிரிட்ஜ், டி.வி., மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. சம்பளச் சீட்டை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார். விண்ணப்பம் அங்கேயே நின்றுவிட்டது. வரம்புக்கு மேல் வருமானம். விதிப்படி அவர் செய்ததில் தப்பே இல்லை.

எழுதியவற்றுக்கெல்லாம் ஒரு வரலாறு இருந்தது. அதற்குத்தான் படிவத்தில் கட்டம் இல்லை. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் 2011 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அரசே கொடுத்தவை, அவள் மாமியார் அட்டைக்கு வந்தவை. அரசு கொடுத்த பொருளை அரசின் ஆளே வந்து சொத்துக் கணக்கில் எழுதிக்கொண்டு போவது வேடிக்கைதான். வண்டி கணவருடையது, மாதத் தவணை இன்னும் ஓடுகிறது. அவளுக்கு ஓட்டத் தெரியாது. விற்கலாம் என்றால் ஆர்.சி. புத்தகம் கடன் கொடுத்தவர்களிடம் இருக்கிறது. ஃபிரிட்ஜ், முன்பு குடியிருந்தவர் வாடகை பாக்கிக்கு விட்டுப்போனதை வீட்டுக்காரர் அங்கேயே வைத்துவிட்டது. தாலிக்கொடியில் இருந்த இரண்டு சவரன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடகுக் கடை ரசீதைக் காட்டியிருப்பாள்.

அதே லைன் வீட்டின் உரிமையாளரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொறாமையில் இல்லை, நல்லவர்தான். பத்து போர்ஷன் வாடகை ரொக்கமாகக் கைமாறுகிறது. ரசீது கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. அவர் வீட்டில் ஒரு விண்ணப்பம் எழுத நேர்ந்தபோது வருமானக் கட்டத்தில் என்ன எழுதச் சொன்னார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வாடகை வாங்குகிறவரின் பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வாடகை கொடுக்கிறவளின் பணம் பி.எஃப். கணக்கு எண்ணோடு, ஆதார் இணைப்போடு, பைசா சுத்தமாகத் தெரிகிறது. இந்தத் தொழில் வட்டாரத்தில் நம் சோதனை ஏழ்மையை அளப்பதில்லை, காகிதத்தை அளக்கிறது. எங்கள் ஊர் ஏழைகளிடம் காகிதம் இருக்கிறது. அதுதான் அவர்கள் செய்த பாவம்.

இந்தக் கோளாறு இங்கே மட்டும் பிறந்ததல்ல. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில், இன்னின்னது இருந்தால் கேள்வியே இல்லாமல் பட்டியலிலிருந்து நீக்கு என்று ஒரு வரிசை வைத்திருந்தார்கள். இருசக்கர வண்டி, ஃபிரிட்ஜ், தரைவழித் தொலைபேசி எல்லாம் அதில் உண்டு. தொலைபேசியை விடுங்கள், அது தானாகச் செத்துவிட்டது. இருசக்கர வண்டி இல்லாமல் வடகாலிலிருந்தோ மாத்தூரிலிருந்தோ இரவு பத்து மணி ஷிஃப்டுக்குப் போய்வர முடியுமா என்று அந்தப் பட்டியலைப் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு சரி. உள்ளூர்த் தெருவுக்குள் வண்டிதான். 2024ல் ஊரக வீடு கட்டும் திட்டத்தின் விலக்குப் பட்டியலிலிருந்து இருசக்கர வண்டியை எடுத்தார்கள். வீட்டுக்கு எடுத்ததைப் பிள்ளைக்கும் எடுக்கலாம்.

நிலம் என்றால் இன்னும் சிக்கல். வல்லம், வடகால் பக்கங்களில் சிப்காட் வந்த பிறகு சென்டு விலை என்ன ஆயிற்று என்று உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாக அரை ஏக்கர் இருக்கும். அதில் பதினோரு பங்காளிகள், இரண்டு வழக்கு, பாதைக்கு வழியில்லை. வழிகாட்டி மதிப்பைப் போட்டுப் பார்த்தால் அந்த வீட்டு மருமகள் லட்சாதிபதி. அன்றாடத்துக்கு அவள் ஷிஃப்டுக்குப் போனால்தான் அடுப்பு எரியும். விற்க முடியாத, பிரிக்க முடியாத, பயிர் வைக்கத் தண்ணீர் இல்லாத நிலம் அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. சொத்து என்று எழுதுகிறபோது அதைக் காசாக்க முடியுமா என்ற ஒரு கேள்வியும் சேரவேண்டும்.

மின்சாரமும் அப்படித்தான். மகளிர் உரிமைத்தொகை நம் மாவட்டத் தலைநகரான காஞ்சிபுரத்தில்தான் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது என்று தகுதி வைத்தார்கள். அந்த முகாம்களில் விடிய விடிய நீங்கள் வேலை பார்த்ததை நான் கண்ணால் பார்த்தவள். அந்த வரம்புகள் வாத்சல்யா வரம்போடு ஒப்பிட்டால் எவ்வளவோ தாராளம். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போனது சின்னக் காரியமில்லை. நிராகரித்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள் கொடுத்ததும் முறையான ஏற்பாடு. ஆனால் பத்து போர்ஷனுக்கு ஒரே மீட்டர் ஓடும் லைன் வீட்டில் எந்த யூனிட் யாருடையது? வீட்டுக்காரர் சப்–மீட்டர் வைத்து யூனிட்டுக்கு அவர் சொல்கிற விலையை வாங்குகிறார். வாரியத்தின் இலவச நூறு யூனிட்கூட குடியிருப்பவளுக்கு வந்து சேர்வதில்லை. மின்கட்டண அட்டை கொண்டுவா என்றால் அவள் எங்கே போவாள்?

நூறில் ஒருவர் ஏமாற்றிவிடுவார் என்று பயந்து மீதித் தொண்ணூற்றொன்பது பேரையும் வாசலில் நிறுத்தும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் பழக்கமானதல்ல. 1956ல் காமராஜர் பள்ளியில் மதிய உணவு போட்டபோதும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கிச் சின்னக் குழந்தைகள் வரை விரித்தபோதும், 2022 செப்டம்பரில் ஸ்டாலின் காலை உணவைச் சேர்த்தபோதும், உன் அப்பா வண்டி வைத்திருக்கிறாரா என்று எந்தப் பிள்ளையிடமும் தட்டை நீட்டும் முன் கேட்கவில்லை. 1997ல் ரேஷனை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று ஒன்றிய அரசு பிரித்தபோது, நாங்கள் எல்லோருக்கும் கொடுத்துக்கொள்கிறோம் என்று தனியாக நின்ற மாநிலம் இது.

சோதித்தே கொடுத்த காலமும் உண்டு, ஆனால் அப்போது சோதித்தது வேறு. 1980ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. உங்களில் மூத்த அங்கன்வாடி டீச்சர்களின் அம்மாக்கள் அதில் வேலை பார்த்திருக்கக்கூடும். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையான குழந்தைகளை மாதாமாதம் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்குத் தொண்ணூறு நாள் சத்துருண்டை. தேறிவிட்டால் நிறுத்தினார்கள், மறுபடி சறுக்கினால் மறுபடி கொடுத்தார்கள். வீட்டில் மாடு எத்தனை என்பது அங்கே பேச்சே இல்லை. பிள்ளையைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். நாம் இன்று பிள்ளையின் அப்பன் வண்டியைத் தராசில் வைக்கிறோம். அந்தத் திட்டத்திலும் குறைகள் இருந்தன. பிள்ளை மெலியும் வரை காத்திருந்து கொடுப்பதா என்று அப்போதே கேட்டார்கள், நியாயமான கேள்வி. இருந்தாலும் பார்க்கவேண்டிய பொருளைப் பார்த்தார்கள்.

குழந்தைக் காப்பகத்தின் கதையும் இப்படித்தான் போயிற்று. நம் ஊரில் நினைவிடம் இருக்கும் ராஜீவ் காந்தியின் பெயரிலேயே 2006ல் வேலைக்குப் போகும் தாய்மாருக்கான தேசிய காப்பகத் திட்டம் வந்தது. பெற்றோர் வருமானம் மாதம் 12,000க்குள் இருந்தால்தான் பிள்ளையைச் சேர்க்கலாம். 2017ல் அதைத் திருத்தினார்கள். வருமானம் என்பது வாசலை மூடும் கதவாக இல்லாமல், கட்டணத்தைத் தீர்மானிக்கும் கணக்காக மாறியது: வறுமைக் கோட்டுக்குக் கீழே என்றால் மாதம் 20 ரூபாய், 12,000 வரை 100, அதற்கு மேல் 200. யாரையும் திருப்பி அனுப்பத் தேவையில்லை. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் அரசு எடுத்த மிகப் புத்திசாலித்தனமான முடிவு அதுதான். இப்போது பால்னா என்ற பெயரில் அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்க்கிறார்கள். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, தாய் வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் சேர்க்கலாம். கொள்கை நன்றாகத்தான் இருக்கிறது. நேரம்தான் ஒத்துவரவில்லை. 2017 விதியில் காப்பகம் ஒரு நாளில் ஏழரை மணி நேரம் திறந்திருக்க வேண்டும். ஷிஃப்ட் எட்டு மணி நேரம். போக ஒரு மணி, வர ஒரு மணி. மிச்ச நேரத்துக்குப் பிள்ளை எங்கே இருக்கும்? பெண்கள் இரவு ஷிஃப்டில் வேலை பார்க்கக் கூடாது என்றிருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டது. இந்த வட்டாரத்தில் கால் நூற்றாண்டாக இரவு வேலை நடக்கிறது. இரவில் திறந்திருக்கும் பாலர் காப்பகம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

சட்டம் சொத்தைக் கேட்காமல் காப்பகம் கொடுக்கும் இடம் தொழிற்சாலைதான். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்கு உட்பட்ட அவர்களின் பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றது. 2017 மகப்பேறு சட்டத் திருத்தம், ஐம்பது பேர் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஐம்பதும் நான்கும் அப்படியே இருக்கின்றன. ஏழையா, பணக்காரியா என்ற கேள்வி இந்தச் சட்டங்களில் எங்கும் இல்லை. வேலை செய்கிறாள், பிள்ளை இருக்கிறது, அவ்வளவு போதும். ஆனால் ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவளிடம், நீ எங்கள் ஆளில்லை என்று ஒருவர் சொல்ல, இடம் எனக்கில்லை என்று இன்னொருவர் சொல்ல, அவள் லைன் வீட்டு அம்மாவிடமே திரும்பி வருகிறாள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை 706 கோடி ரூபாய்ச் செலவில் திறந்தார்கள். பெருமைதான். அத்தனை கட்டில்களும் பிள்ளை இல்லாத பெண்ணுக்கானவை. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டாள். அவள் உங்கள் கணக்கில் வருகிறாள், வரம்புக்கு மேல் என்று.

வெளியே என்ன செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை. அமெரிக்காவில் குழந்தைப் பராமரிப்பு உதவிக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சொத்து வரம்பு உண்டு: பத்து லட்சம் டாலர். வீட்டில் ஒருவர், எங்கள் சொத்து அதைத் தாண்டவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். பெரிய பணக்காரர்களை மட்டும் வெளியே நிறுத்துவது, மற்றவர்களை நம்புவது, அவ்வளவுதான் அங்கே சொத்துச் சோதனை. வருமான வரம்பு தனியாக இருக்கிறது, அங்கும் குறைகள் இருக்கின்றன. எதிர்த்திசையில் போனது இலங்கை. 2023ல் வந்த அஸ்வெசும என்ற நல உதவித் திட்டத்தில் 22 குறியீடுகள் வைத்து வீடு வீடாக மதிப்பெண் போட்டார்கள். பட்டியல் வெளிவந்ததும் பிரதேச செயலகங்களின் வாசலில் மேல்முறையீட்டு வரிசைதான்.

கையில் இருக்கும் பணம் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம், சோதிக்காமல் எப்படிக் கொடுப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம். சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. காப்பகத்துக்குச் சோதனை வேண்டாம்; அங்கே பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதே தேவைக்குச் சாட்சி, கார் வைத்திருப்பவர் அங்கன்வாடிப் பாயில் பிள்ளையைப் படுக்க வைக்க மாட்டார். பணமாகக் கொடுக்கும் உதவிக்கு ஒரு கோடு தேவை என்றால், அந்தக் கோடு ஏற்கெனவே அவள் பையில் இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் அதில் சேர முடியும் என்று 2017 ஜனவரியிலிருந்து விதி. ஒன்றிய அரசே போட்ட கோடு, கம்பெனியே கொடுக்கும் சான்று, பொய் சொல்ல வழியில்லை. ஒற்றையாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணிடம் இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால், வீட்டில் வேறு சம்பாத்தியக்காரர் இல்லையென்றால், அதோடு விசாரணையை முடித்துவிடலாம். அந்த 21,000ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 2,52,000 வருகிறது. உரிமைத்தொகை வரம்பான இரண்டரை லட்சத்தோடு கிட்டத்தட்ட ஒட்டிப்போகிறது. ஒரு கை இரண்டரை லட்சம் வரை ஏழை என்கிறது, இன்னொரு கை எழுபத்திரண்டாயிரத்துக்கு மேல் ஏழையில்லை என்கிறது. இரண்டு காகிதமும் உங்கள் மேசைக்கே வருகின்றன. 2025 செப்டம்பரில் மாநில அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் என்று இன்னொரு கதவைத் திறந்திருக்கிறது. அந்தக் கதவிலும் பழைய எழுபத்திரண்டைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

வரம்பை உயர்த்துவது சென்னையிலும் டெல்லியிலும் நடக்கவேண்டியது. நீங்கள் செய்யக்கூடியவற்றைக் கேட்கிறேன்.

வீட்டு விசாரணை அறிக்கையில் கருத்து எழுத உங்களுக்கு இடம் இருக்கிறது. அதில் வண்டி உண்டு என்று எழுதும்போது தவணை பாக்கி என்றும் எழுதுங்கள். ஷிஃப்ட் நேரத்தைக் கேளுங்கள், அந்த நேரத்தில் பிள்ளை யாரிடம், எவ்வளவு கொடுத்து இருக்கிறது என்று எழுதுங்கள். மூவாயிரம் அந்த அம்மாவுக்குப் போவது வருமானத்திலிருந்து கழியாது என்று விதி சொல்லலாம். ஆனால் குழந்தைகள் நலக் குழுவின் முன் அந்த வரி இருந்தால் அவர்கள் அதைப் படித்தே ஆகவேண்டும். வரம்புக்கு மேல் என்று நிராகரித்த விண்ணப்பங்களில் எத்தனை பேர் வேலைக்குப் போகும் தனித்தாய்மார் என்று தனியாகக் கணக்கு வைத்து மேலே அனுப்புங்கள். அந்த எண்ணைக் கேட்க ஆளில்லாததால்தான் வரம்பு அப்படியே கிடக்கிறது.

விசாரணைக்கு வரும் நாளை முன்னால் சொல்லுங்கள், முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஒரு நாள் லீவு போட்டால் அவளுக்குப் போவது ஒரு நாள் சம்பளம் மட்டும் இல்லை. அந்த மாதத்து வருகை ஊக்கத்தொகையும் சேர்ந்து போகும். ரேஷன் அட்டை சொந்த ஊரில் இருக்கிறது, அங்கேயே சான்று வாங்கிவா என்று திருப்பி அனுப்பும் முன், அவள் எத்தனை வருடமாக இங்கே வாடகை கொடுக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களுக்கு, சொந்த ஊர் என்று நீங்கள் சொல்லும் இடத்துக்குப் போய்த் திரும்பவே ஒரு வாரம் வேண்டும்.

நிராகரித்தால் காரணத்தைத் தமிழில், ஒரு வரியில், அவள் கையில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்ன காரணத்தை வைத்து மேல்முறையீடு எழுத முடியாது. எழுதித் தாருங்கள், அதை எடுத்துக்கொண்டு அவர்கள் என்னிடம்தான் வருவார்கள். அடுத்த விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
சுங்குவார்சத்திரத்திலிருந்து,
விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவள்